யார் கையில் நம் ஆவணங்கள்? லினக்ஸ், மின்னஞ்சல், பழைய மடிக்கணினி

புதியம்புத்தூரில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில்தான் எங்களுக்குக் கூடிப் பேச வாய்க்கிறது. ஆயத்த ஆடைத் தயாரிப்பை நம்பி வாழும் ஊர் இது. தீபாவளியும் பொங்கலும் நெருங்கும் மாதங்களில் அந்த மாலையும் கிடைப்பதில்லை. தையல் வேலைக்குச் செல்வோர், தூத்துக்குடியிலும் கோவில்பட்டியிலும் கல்லூரியில் படிப்போர், வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டோருக்குத் துணை நிற்கும் ஓரிருவர் என்று பத்துப் பன்னிரண்டு பேர் சேர்வோம். சில மாதங்களாக எங்கள் பேச்சில் கணினி நுழைந்துவிட்டது. எந்த மின்னஞ்சல் சேவை நம்பத்தக்கது, பள்ளியில் கொடுத்த பழைய மடிக்கணினியை எடைக்குப் போட்டுவிடலாமா, லினக்ஸ் நிறுவினால் வைரஸ் வராது என்கிறார்களே உண்மையா என்ற கேள்விகள் மாறி மாறி வருகின்றன.

இதற்குக் காரணமான நிகழ்வைச் சொல்லிவிட வேண்டும். எங்களுள் ஒருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவான வழக்கொன்றில் புகார்தாரருக்கு உதவி வந்தார். புகார் மனு, காயச் சான்றிதழ், ஒளிப்படங்கள், சாட்சி சொல்ல முன்வந்தோரின் பெயர்ப் பட்டியல் எல்லாம் அவருடைய மடிக்கணினியில் இருந்தன. கணினி மந்தமாகிவிட்டதால் அதைப் பழுதுபார்க்கும் கடையொன்றில் கொடுத்தார். நான்கு நாள்கள் அது அங்கே இருந்தது. அடுத்த வாரம், சாட்சிகளுள் இருவரின் வீட்டுக்கு எதிர்த்தரப்பினர் ‘சமாதானம்’ பேச வந்தனர். அந்தப் பெயர்கள் அதுவரை வெளியே தெரியாதவை. கடையிலிருந்துதான் அவை கசிந்தன என்று சொல்ல எங்களிடம் சான்று இல்லை. வேறு வழியிலும் கசிந்திருக்கலாம். ஆனால் கடவுச்சொல்லைத் துண்டுத்தாளில் எழுதிக் கணினியின் மேலேயே ஒட்டிக் கொடுத்திருந்தோம் என்பது உண்மை. இரு சாட்சிகளுள் ஒருவர் பின்வாங்கிவிட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 15ஏ, சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைத்துவைக்க உத்தரவிடும் அதிகாரத்தைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அளிக்கிறது. சட்டம் மறைக்க வழி செய்யும் பெயர்களை நாங்களே ஒரு மேசை மீது திறந்து வைத்துவிட்டு வந்திருந்தோம்.

சாதி ஒழிப்பைப் பேசக் கூடும் இடத்தில் மென்பொருளுக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று மூத்த தோழர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்ன விடையை விரித்து எழுதுவதே இக்கட்டுரை.

எரிக்கப்பட்ட தாள்களும் செருகப்பட்ட கடிதங்களும்

எங்கள் ஓட்டப்பிடாரம் வட்டத்தில்தான் கொடியங்குளம் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று சுமார் 600 காவலர்கள் அவ்வூருக்குள் புகுந்து நடத்திய சூறையாடலை இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வளைகுடா நாடுகளில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கிய பொருள்கள் உடைக்கப்பட்டன. கிணற்று நீர் கெடுக்கப்பட்டது. அவற்றோடு சேர்த்து இளைஞர்களின் கல்விச் சான்றிதழ்களும் கடவுச்சீட்டுகளும் தீக்கிரையாயின. தொலைக்காட்சிப் பெட்டியை உழைத்து மீண்டும் வாங்கிவிடலாம். முதல் தலைமுறையாகப் படித்தவனுக்குப் பட்டச் சான்றிதழ் என்பது வேறு பொருள்; அது இல்லாவிடில் அவன் மீண்டும் கூலியாளாகவே பார்க்கப்படுவான். எதை எரித்தால் எது போகும் என்பது எரித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று நம் தாள்கள் தகரப்பெட்டியில் இல்லை. கைபேசியிலும் மடிக்கணினியிலும், நாம் முகம் பார்த்திராத நிறுவனங்களின் சேமிப்பகங்களிலும் கிடக்கின்றன. ஆவணத்தை அழிப்பது ஒரு வகைத் தாக்குதல் என்றால், நாம் எழுதாத ஆவணத்தை நம் பெட்டிக்குள் வைத்துவிடுவது மற்றொரு வகை. இரண்டாவது வகைக்கு நாட்டின் முன்னுள்ள பெரிய எடுத்துக்காட்டு பீமா கோரேகான் வழக்கு.

2018 ஜனவரி 1 அன்று, பீமா கோரேகான் போரின் இருநூறாம் ஆண்டு நினைவுக்குத் திரண்ட தலித் மக்கள் தாக்கப்பட்டனர். அதைத் தொடர்ந்த வழக்கில் கைதானவர்களோ செயற்பாட்டாளர்களும் வழக்கறிஞர்களும் அறிஞர்களுமாகப் பதினாறு பேர். சுதிர் தாவ்லே, நாக்பூர் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங், 2020 ஏப்ரல் 14ஆம் நாள், அம்பேத்கர் பிறந்தநாளன்று, சரணடைந்த ஆனந்த் டெல்டும்டே, திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து ஜார்க்கண்டின் பழங்குடி மக்களோடு வாழ்ந்த அருட்தந்தை ஸ்டான் சுவாமி ஆகியோர் அதில் அடங்குவர். குற்றச்சாட்டின் முதுகெலும்பாக அமைந்தவை கணினிகளிலிருந்து எடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட கடிதங்கள்.

அக்கணினிகளின் நகல்களைப் பிரதிவாதிகள் தரப்பில் ஆராய்ந்த அமெரிக்கத் தடய ஆய்வு நிறுவனமான ஆர்சனல் கன்சல்டிங், 2021 பிப்ரவரி முதல் அடுத்தடுத்து அறிக்கைகளை வெளியிட்டது. ரோனா வில்சனின் மடிக்கணினி 2016 ஜூன் 13 அன்று வசப்படுத்தப்பட்டது என்கிறது முதல் அறிக்கை. கவிஞர் வரவர ராவின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து ஓர் ஆவணத்தைத் திறந்து பார்க்குமாறு கடிதம் வந்தது. அக்கணக்கு ஏற்கெனவே வேறு யாரோ ஒருவரின் பிடியில் இருந்தது. வில்சன் இணைப்பைச் சொடுக்கினார். ஓர் ஆவணம் திறந்தது. அதன் பின்னால் ‘நெட்வயர்’ என்ற தீநிரல் சத்தமின்றிக் குடியேறியது. 22 மாதங்கள் அக்கணினி பிறர் கையில் இருந்தது. மறைவான கோப்புறை ஒன்று உருவாக்கப்பட்டு அதற்குள் கடிதங்கள் வைக்கப்பட்டன. அவற்றை அக்கணினியில் யாரும் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததற்கான தடயம் இல்லை. கடிதங்களைப் பிடிஎஃப் கோப்புகளாக மாற்றப் பயன்பட்ட வேர்டு மென்பொருளின் பதிப்பு, வில்சனின் கணினியில் இருந்த பதிப்பைவிடப் புதியது. கோப்புறையில் கடைசி மாற்றம் நடந்தது 2018 ஏப்ரல் 16 மாலை. மறுநாள் காலை காவல்துறை கணினியைக் கைப்பற்றியது.

காட்லிங்கின் கணினியில் 2016 பிப்ரவரி 29 முதல் இருபது மாதங்களுக்கும், ஸ்டான் சுவாமியின் கணினியில் 2014 அக்டோபர் முதல் 2019 ஜூன் 12இல் கைப்பற்றப்படும் வரையிலும் இதே ஊடுருவல் நீடித்தது என்று பிந்தைய அறிக்கைகள் கூறின. கைப்பற்றுவதற்கு முந்தைய நாள் தடயங்களை அழிக்கும் வேலை நடந்ததாகவும் ஸ்டான் சுவாமி பற்றிய அறிக்கை சொல்கிறது. அது வெளியானது 2022 டிசம்பரில். அவர் 2021 ஜூலை 5 அன்றே காவலில் இருந்தபடி மறைந்துவிட்டார். இந்த ஆய்வு முடிவுகளைத் தேசியப் புலனாய்வு முகமை ஏற்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

இதில் நாம் கற்க வேண்டியது எங்கே இருக்கிறது? பலரும் ‘விண்டோஸ் வைத்திருந்ததால் வந்த வினை’ என்று முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. நெட்வயர் விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. லினக்ஸுக்கும் மேக்குக்கும் அதன் வடிவங்கள் இருந்தன. அது அரசுகளுக்கென்றே விற்கப்படும் பெகாசஸ் போன்ற விலையுயர்ந்த ஆயுதமும் அன்று. இணையத்தில் யாரும் காசு கொடுத்து வாங்கக்கூடிய மலிவான சரக்கு. 2023 மார்ச்சில்தான் அதை விற்ற தளம் பன்னாட்டுக் காவல் நடவடிக்கையில் முடக்கப்பட்டது. கணினியைத் திறந்துவிட்டது தோழர் ஒருவரின் பெயரில் வந்த கடிதம்.

லினக்ஸ் எதற்கு?

அப்படியானால் லினக்ஸ் எதற்கு? மாயக் கவசம் என்பதற்காக அன்று. அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. பழைய கணினியிலும் ஓடுகிறது. புதுப்பிப்புகளை யாரும் நிறுத்திவைக்க முடியாது. நம்மைப் போன்றோருக்கு இவற்றுள் கடைசி இரண்டும்தான் பெரிது.

ஊர்க் கடைகளில் நிறுவித் தரும் விண்டோஸில் பெரும்பகுதி உரிமமற்ற நகல். அந்த நகலை இயங்க வைப்பதற்காகச் சேர்க்கும் ‘கிராக்’ நிரலுக்குள் வேறு என்னென்ன இருக்கின்றன என்று கடைக்காரருக்கே தெரியாது. வீட்டுக்குப் பூட்டு வாங்கும்போதே மாற்றுச் சாவியை முகம் தெரியாத ஒருவனிடம் கொடுப்பதைப் போன்றது இது. லினக்ஸில் மென்பொருள்கள் அந்தந்த வெளியீட்டின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து, கையொப்பம் சரிபார்க்கப்பட்டு வருகின்றன. கண்ட தளங்களில் தேடித் தரவிறக்கும் பழக்கம் போய்விடுகிறது. அதனாலேயே பாதி ஆபத்து குறைகிறது.

திறந்த நிரல் என்றாலே ஓட்டையில்லை என்று நம்புவதும் தவறு. 2024 மார்ச் இறுதியில், ‘எக்ஸ்இசட்’ என்ற சிறு கருவிக்குள் இரண்டாண்டுக் காலம் நல்லவனாக நடித்துப் பங்களித்த ஒருவர் பின்வாசல் வைத்திருந்தது அம்பலமானது. ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், தொலைக் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று ஐயுற்றுத் தோண்டியதால் அது வெளிவந்தது. தோண்டிப் பார்க்க அவருக்கு நிரல் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் லினக்ஸின் வரலாற்றைப் பேசும்போது ஒரு தலித் அதிகாரியின் பெயரைத் தவிர்க்க முடியாது. 1990ஆம் ஆண்டுத் தொகுதி இ.ஆ.ப. அதிகாரி சி. உமாசங்கர், திருவாரூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோதே நிர்வாகத்தைக் கணினிமயமாக்கிப் பெயர் பெற்றவர். 2006 முதல் 2008 வரை மாநில மின்னணுக் கழகமான எல்காட்டின் மேலாண் இயக்குநராக அவர் இருந்தார். அரசுக்கும் பள்ளிகளுக்கும் கணினி வாங்கித் தரும் நிறுவனம் அது. ஒவ்வொரு கணினியோடும் விண்டோஸ் உரிமத்துக்கு அரசுப் பணம் ஏன் போக வேண்டும் என்று அவர் கேட்டார். முதலில் எல்காட்டின் சொந்தக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றினார். பிறகு பள்ளிகளுக்கும் துறைகளுக்குமான ஆயிரக்கணக்கான கணினிகளை லினக்ஸோடு வாங்கச் செய்தார். அவர் மாற்றப்பட்ட பிறகு அந்த வேகம் தளர்ந்தது. 2010 ஜூலையில், பொய்யான சாதிச் சான்றிதழ் கொடுத்துப் பணியில் சேர்ந்தார் என்ற குற்றச்சாட்டில் அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். எதிர்ப்பு எழுந்ததும் சில வாரங்களில் அந்த ஆணை விலக்கப்பட்டது. இருபதாண்டுப் பணிக்குப் பின்னும் ஒரு தலித் அதிகாரியிடம் முதலில் கேட்கப்பட்டது சாதிச் சான்றிதழைத்தான்.

2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. இது டெபியனை அடிப்படையாகக் கொண்டு, நடுவண் அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய இயங்குதளம். நம் பிள்ளைகளின் கைக்கு லினக்ஸ் அப்போதே வந்துவிட்டது. ஆனால் அதைக் கற்பிக்க ஆளில்லை. வாங்கிய வாரமே கடையில் கொடுத்து, பாஸை அழித்து, உரிமமற்ற விண்டோஸைப் போட்டுக்கொண்டவர்களே எங்களுள் பலர்.

கற்பிக்க ஆளிருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பெங்களூரு சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில் நடந்த அம்பேத்கர் சமூகக் கணினி மையம் ஒரு சான்று. நிறுவனங்கள் கழித்துப்போட்ட கணினிகளில் லினக்ஸ் நிறுவி, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் அப்பகுதிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தனர். தமிழ்நாட்டில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவும் காஞ்சிபுரம் குழுவும் இவ்வாறு இயங்குகின்றன. தமிழில் படிக்க விரும்புவோர்க்குக் ‘கணியம்’ மின்னிதழ் 2012 முதல் கிடைக்கிறது. கரிசல் பக்கம் இத்தகைய குழு எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. அதனால்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் இவ்வாறு கழிகின்றன.

எடைக்குப் போகவிருந்த மடிக்கணினி

விண்டோஸ் 10க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் பொதுவாக நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கோ டிபிஎம் 2.0 என்னும் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். இலவசத் திட்டத்தின் முதற்பகுதியில் வந்த மடிக்கணினி எதுவும் இந்த வரம்புக்குள் வராது. இயங்கும் நிலையிலேயே அவை குப்பையாக அறிவிக்கப்படுகின்றன. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தரும் அறிவிப்பு 2025-26 நிதிநிலை அறிக்கையில் வந்தது நல்லதே. படிப்பை முடித்துவிட்டுத் தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்போருக்குப் பழையதுதான் கதி.

எங்கள் அனுபவத்தில் முதலில் செய்ய வேண்டியது லினக்ஸை நிறுவுவதன்று. பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்க வேண்டும். வைஃபை வேலை செய்கிறதா, ஒலி வருகிறதா, திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டால் பிறகு ஏமாற்றம் இல்லை. நாங்கள் எடுத்துப் பார்த்த நான்கு கணினிகளில் ஒன்றில் வைஃபை எடுபடவில்லை, சிறிய யூ.எஸ்.பி. வைஃபை செருகியை வாங்கிச் சமாளித்தோம். 4 ஜிபி நினைவகம் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நன்றாக ஓடுகிறது. 2 ஜிபி மட்டும் என்றால் இயங்குதளம் ஓடும். உலாவியில் ஐந்தாறு தாவல்களைத் திறந்தால் மூச்சு வாங்கும். ஆன்டிஎக்ஸ் போன்ற இலகுவான வெளியீடு அதற்குப் பொருந்தும்.

பணம் கொஞ்சம் இருந்தால் எதில் போடுவது என்ற கேள்விக்கு எங்கள் விடை ஒன்றே: பழைய சுழல் தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். நினைவகத்தைக் கூட்டுவது அடுத்தது. மின்கலம் போயிருந்தால் கடைசியாக அதைப் பார்க்கலாம். கழற்றிய பழைய தட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வரக்கூடாது. கோப்புகளை அழித்துவிட்டோம் என்று நினைப்போம். அவற்றை மீட்டெடுப்பது எளிது.

தமிழ்த் தட்டச்சு பற்றிப் பலரும் அஞ்சுகிறார்கள். தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் கிடைக்கிறது; மொழி அமைப்பில் ஒருமுறை சேர்த்தால் போதும். எங்களால் தீர்க்க முடியாத சிக்கல்களும் உண்டு. ஆடை நிறுவனங்களில் கணக்கெழுதும் டேலியும், துணி வெட்டும் வடிவமைப்பு மென்பொருள்களும் விண்டோஸை எதிர்பார்க்கின்றன. பிழைப்புக்கான கணினியை லினக்ஸுக்கு மாற்று என்று ஒருவரிடம் வற்புறுத்துவது நமக்கு அழகன்று. அவருக்கு நாங்கள் சொல்வது, வழக்குக் கோப்புகளை அந்தக் கணினியில் வைக்காதீர்கள் என்பது மட்டுமே.

நிறுவும்போது ஒரு கட்டத்தில், தட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யட்டுமா என்று லினக்ஸ் கேட்கும். பலர் அதைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். தாண்டக்கூடாத இடம் அதுதான். அதைத் தேர்ந்தெடுத்து நீண்ட கடவுத்தொடர் ஒன்றை வைத்துவிட்டால், கணினி திருடு போனாலும் கடையில் நான்கு நாள் கிடந்தாலும் தட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் படிக்க முடியாது. அரைத்தூக்கத்தில் விட்ட கணினிக்கு இந்தக் காப்பு இல்லை. முழுமையாக அணைத்திருக்க வேண்டும். தொடரை மறந்தால் உலகில் யாராலும் மீட்டுத் தர முடியாது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். எங்களுள் ஒருவர் மறந்துவிட்டு மூன்றாண்டு ஒளிப்படங்களை இழந்தார். அவர் இன்னும் எங்களோடு பேசுகிறார் என்பதே பெரிது!

கடிதம் யாரிடமிருந்து?

மின்னஞ்சல் சேவைகளைப் பற்றி மாணவர்கள்தாம் அதிகம் கேட்கிறார்கள். ஜிமெயில் கடிதங்களை வழியில் யாரும் படிக்காதபடி காக்கிறது, கூகுளிடமிருந்து காப்பதில்லை. முறையான சட்டக் கோரிக்கை வந்தால் அந்நிறுவனத்தால் உள்ளடக்கத்தைக் கொடுக்க முடியும். சுவிட்சர்லாந்தின் புரோட்டான், ஜெர்மனியின் டூட்டா ஆகியவற்றில் கடிதங்கள் பூட்டிய நிலையில் சேமிக்கப்படுகின்றன, சாவி நம்மிடம். ஆனால் அனுப்புநரும் பெறுநரும் ஒரே சேவையில் இருந்தால்தான் இந்தப் பூட்டு முழுமையாகும். புரோட்டானிலிருந்து ஜிமெயிலுக்குச் சாதாரணமாக அனுப்பிய கடிதத்தின் ஒரு படி கூகுளிடம் இருக்கும். புரோட்டானில் கடிதத்தின் தலைப்பு வரிக்கு இந்தப் பூட்டு கிடையாது, டூட்டாவில் உண்டு. எனவே தலைப்பில் ஊர்ப்பெயரையும் சாட்சியின் பெயரையும் எழுதி அனுப்புவது வீண்.

சட்டத்துக்கு மேற்பட்ட சேவை எதுவும் இல்லை. 2021இல் பிரான்ஸ் நாட்டுச் சூழலியல் செயற்பாட்டாளர் ஒருவரின் ஐ.பி. முகவரியைச் சுவிஸ் அரசின் ஆணைக்கிணங்கப் புரோட்டான் பதிவு செய்து கொடுத்தது. கடிதங்களைக் கொடுக்க அதனால் முடியவில்லை. நம் நாட்டில் அச்சேவை நிலைக்குமா என்பதும் உறுதியில்லை. 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்கு வெடிகுண்டுப் புரளி மின்னஞ்சல்கள் வந்ததை அடுத்து அதைத் தடை செய்யும் முயற்சி நடந்தது. 2025 ஏப்ரலில் வேறொரு வழக்கில் அதைத் தடுக்குமாறு கர்நாடக உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரே சேவையை நம்பி அமைப்பின் தொடர்புகள் அனைத்தையும் அதில் கட்டிவைப்பது ஆகாது என்பதே எங்கள் கருத்து.

சேவையைவிட முக்கியமானது கணக்கின் பின்வாசல். பீமா கோரேகான் வழக்கில் சிக்கியோரின் மின்னஞ்சல் கணக்குகள் சிலவற்றில், மீட்பு முகவரியாகவும் மீட்பு எண்ணாகவும் அவர்களுடையதல்லாதவை சேர்க்கப்பட்டிருந்தன என்றும், அவற்றின் தடம் புணே காவல்துறையைச் சேர்ந்த ஒருவரிடம் சென்று முடிகிறது என்றும் 2022 ஜூனில் வயர்டு இதழ் செய்தி வெளியிட்டது. மீட்பு எண் பிறர் கையில் இருந்தால் நாம் எத்தனை முறை கடவுச்சொல்லை மாற்றினாலும் அவர் மீண்டும் நுழைவார். இதைப் படித்த அன்றே நாங்கள் எல்லோரும் எங்கள் கணக்குகளின் அமைப்பைத் திறந்து பார்த்தோம். ஊடுருவல் எதுவும் இல்லை. ஆனால் மூன்று பேரின் மீட்பு எண் அவர்களிடம் இல்லாத எண்! பள்ளிக் காலத்தில் அண்ணனுடையதாக இருந்தது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டுப்போனது. அப்படி விட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிடும். நம் குடும்பங்களில் ஒரு சிம் அட்டை நான்கு பேருக்குப் பொதுவாக இருப்பது வழக்கம் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறோம். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபிக்குப் பதிலாக, ஏஜிஸ் போன்ற கட்டற்ற செயலி உருவாக்கும் எண்ணைப் பயன்படுத்துவது மேலானது.

கல்லூரி கொடுத்த மின்னஞ்சலில் அமைப்பு வேலைகளைச் செய்யும் மாணவர்களும் இருக்கிறார்கள். அக்கணக்கின் சாவி கல்லூரி நிர்வாகத்திடம். விடுதிப் பாகுபாடு குறித்த புகாரை விடுதியை நடத்துவோரின் பெட்டியிலேயே எழுதி வைக்கலாமா? படிப்பு முடிந்ததும் கணக்கு மூடப்படும். புகாரின் வரலாறும் அதோடு போகும்.

வில்சனுக்கு வந்ததைப் போன்ற கடிதத்தை எப்படி இனங்காண்பது என்றால், இனங்காண முடியாது என்பதே நேர்மையான விடை. தெரிந்தவரின் உண்மையான கணக்கிலிருந்து அவர் எழுதுவதைப் போலவே வரும். ஆகவே கடிதத்தை ஆராய்வதைவிட வழக்கத்தை மாற்றிக்கொள்வது பயன் தரும். எதிர்பாராத இணைப்பு வந்தால், திறப்பதற்கு முன் அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்து, “அண்ணே, நீங்கதான் அனுப்புனீங்களா?” என்று கேட்டுவிடுகிறோம். முதலில் சிலர் கோபித்துக்கொண்டார்கள். இப்போது அவர்களே எங்களை அழைக்கிறார்கள்.

கைப்பற்றும்போது

கணினியையோ கைபேசியையோ காவல்துறை கைப்பற்ற வரும்போது என்ன செய்வது என்று தெரிந்துவைத்திருப்பது செயற்பாட்டாளர்களுக்குக் கட்டாயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 105, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் பிரிவு 63இன்படி மின்னணுச் சான்றோடு தர வேண்டிய சான்றிதழில் ‘ஹாஷ்’ மதிப்பைக் குறிப்பிட வேண்டும்.

ஹாஷ் என்பது ஒரு கோப்புக்கோ முழுத் தட்டுக்கோ கணக்கிட்டு எடுக்கப்படும் கைரேகை போன்ற எண். உள்ளே ஒரே ஓர் எழுத்து மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும். கைப்பற்றிய இடத்திலேயே அதைக் கணக்கிட்டு, மகஜரில் எழுதி, நமக்கு ஒரு படி கொடுத்துவிட்டால், பிறகு உள்ளே எதையும் செருக முடியாது, செருகினால் தெரிந்துவிடும். அதற்கு முன்பே செருகப்பட்டவற்றை இந்த எண் காட்டிக்கொடுக்காது என்பதும் உண்மை. ஆயினும் அதைக் கேட்பது நம் உரிமை. எழுத்துமூலம் கேட்டு, மறுத்தால் மறுத்ததையும் வழக்கறிஞர் வழியே பதிவு செய்ய வேண்டும். லினக்ஸில் இந்த எண்ணைக் கணக்கிடும் கருவி இயல்பாகவே இருக்கிறது. நாங்கள் எடுக்கும் கள ஆய்வு ஒளிப்படங்களுக்கு அன்றன்றே ஷா-256 எண்ணை எடுத்து வழக்கறிஞருக்கு அனுப்பிவைக்கத் தொடங்கியிருக்கிறோம். படம் திருத்தப்பட்டது என்று எதிர்த்தரப்பு வாதிட்டால் அப்போது பயன்படும்.

படிகள் எடுத்து வைப்பதையும் இப்போதுதான் ஒழுங்காகச் செய்கிறோம். பாபாசாகேப் மறைந்து பத்தாண்டு கழித்து, 1967இல், டெல்லி அலிப்பூர் சாலை வீட்டிலிருந்த அவருடைய தாள்களில் ஒரு பகுதி முற்றத்தில் வீசப்பட்டு மழையில் பாழானது. அவற்றுக்கு மறுபடி இருந்ததில்லை. எங்கள் வழக்குக் கோப்புகள் மறையாக்கம் செய்த இரண்டு பென் டிரைவ்களில் இருக்கின்றன. ஒன்று புதியம்புத்தூரில், மற்றொன்று வேறொரு மாவட்டத்தில், வழக்கோடு தொடர்பில்லாத தோழர் ஒருவரின் வீட்டில். மாதம் ஒருமுறை பேருந்தில் சென்று புதுப்பித்து வருகிறோம்.

அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. இரண்டாவது சாட்சி உறுதியாக நிற்கிறார். அவருடைய பெயர் இப்போது எந்தக் கணினியிலும் இல்லை. வழக்கறிஞரின் கைப்பையில் மடித்து வைத்த ஒரு தாளில் மட்டும் இருக்கிறது.